ஒரு மனை, ஆறு வீடு: தாழ்வான தெருவுக்குள் அடுக்குமாடி பொருந்துவது எப்படி?

தாழ்வான வீடுகளாக நிற்கும் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளம், அதன் மேல் அதிகம் போனால் ஒரு மாடி. பல வீடுகளில் பின்னால் கொஞ்சம் மண், ஒரு மரம். அதில் ஒரு வீடு கைமாறுகிறது. வாங்கியவர் அதை இடித்துவிட்டு அதே மனையில் ஆறு வீடு கட்டப்போகிறார் என்று செய்தி வந்ததும் தெருவே கூடிப் பேசும். வெயில் மறைந்துவிடும், வண்டி நிறுத்த இடம் இருக்காது, நம் வீட்டுப் பின்பக்கத்தை மேலிருந்து யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பயங்களில் எதுவும் கற்பனை இல்லை. மோசமாகத் திட்டமிட்ட ஒரு கட்டடம் இவை அத்தனையையும் செய்துகாட்டும்.

அப்புறம் கூட்டம் போடுவார்கள். கட்டுபவர் ஒரு வண்ணப் படம் கொண்டுவந்து காட்டுவார், கட்டடத்தின் முகப்பு. பக்கத்து வீடுகளில் செங்கல் தெரிகிறதே, இதிலும் கொஞ்சம் செங்கல் வையுங்கள் என்பார் ஒருவர். சாய்வான கூரை போடலாமே என்பார் இன்னொருவர். நிறம் மாறும், ஜன்னலுக்கு மேல் ஒரு வளைவு வரும், எல்லோரும் ஓரளவு திருப்தியோடு கலைவார்கள். ஒன்றரை வருடம் கழித்துக் கட்டடம் எழும்பி நிற்கும்போது பார்த்தால் செங்கல் இருக்கிறது, வளைவு இருக்கிறது, தெருவோடு மட்டும் ஒட்டவில்லை.

காரணம் எளிது. அந்த வண்ணப் படம் கடைசியில் வரைந்தது. கட்டடம் எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம், ஜன்னல்கள் யாரைப் பார்க்கும் என்பதெல்லாம் அதற்கு முன்பே இரண்டு கேள்விகளில் முடிவாகிவிட்டது. கார்கள் எங்கே நிற்கும்? படிக்கட்டு எத்தனை, எங்கே? தெரு கேள்வி கேட்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இந்த இரண்டையும் பேசாமல் முகப்பைப் பற்றி எத்தனை மணி நேரம் பேசினாலும் பலன் குறைவு.

புதிதாக வந்த விருந்தாளி இல்லை

சின்ன அடுக்குமாடி என்பது தாழ்வான தெருவுக்குள் இப்போதுதான் நுழைகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நகரங்களின் வரலாறு வேறு மாதிரி. பாஸ்டனைச் சுற்றிய ஊர்களில் 1880 வாக்கில் தொடங்கி 1930 வரை மூன்று தள மரவீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. தளத்துக்கு ஒரு குடும்பம், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு திண்ணை போன்ற பால்கனி. சிகாகோவில் இரண்டு வீடு, மூன்று வீடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செங்கல் கட்டடங்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. மான்ட்ரியாலில் இதே வகைக் கட்டடங்கள், மாடிக்குப் போகும் படிக்கட்டு மட்டும் வெளியே, தெருவைப் பார்த்து வளைந்து இறங்கும். இந்தத் தெருக்களில் நடந்துபோகிற யாருக்கும் எது தனி வீடு, எது மூன்று குடும்பம் வாழும் வீடு என்று உடனே சொல்ல வராது. இன்றைக்கு அந்த ஊர்களின் அழகுக்கு அடையாளமாகக் காட்டப்படுவதும் இவைதான்.

நடுவில் சட்டம் குறுக்கே வந்தது. தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று ஒரு பகுதியை வரையறுத்த முதல் அமெரிக்க நகரங்களில் ஒன்று கலிபோர்னியாவின் பெர்க்லி, 1916-ல். பத்து வருடம் கழித்து, 1926-ல், யூக்ளிட் என்ற ஊரின் மண்டல விதிகள், அதாவது எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்ற விதிகள் பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், தனி வீடுகள் உள்ள பகுதியில் கட்டப்படும் அடுக்குமாடியைப் பல நேரம் 'வெறும் ஒட்டுண்ணி' என்று சொல்லலாம் என எழுதினார். தெருவின் திறந்த வெளியையும் அழகையும் உறிஞ்சிக்கொள்ள வருகிறதாம். அந்த வார்த்தையின் நிழல் நூறு வருடம் நீண்டது. பல நகரங்களில் தனி வீட்டுக்கும் பெரிய கோபுரத்துக்கும் இடையே எதுவுமே கட்ட முடியாமல் போனது. இப்படிக் காணாமல் போன நடு அளவு வீடுகளைக் குறிக்க, டேனியல் பரோலெக் என்ற கட்டடக் கலைஞர் 2010-ல் 'விடுபட்ட நடு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததும் பேச்சு பரவியது.

கடந்த பத்து வருடத்தில் விதிகள் தளர்ந்து வருகின்றன. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் கூடுதல் வீடுகளை அனுமதித்தது. டொராண்டோ 2023-ல் நகரம் முழுக்க ஒரு மனையில் நான்கு வீடு கட்டலாம் என்றது. இந்த வரிசையில் இரண்டு நகரங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மினியாபொலிஸ் 2020 முதல் எந்த மனையிலும் மூன்று வீடு வரை அனுமதித்தது. ஆனால் கட்டடத்தின் மொத்த அளவுக்கு, தனி வீட்டுக்கு இருந்த வரம்பே பெரும்பாலும் மூன்று வீட்டுக்கும் தொடர்ந்தது. ஒரு குடும்பத்துக்கான பெட்டிக்குள் மூன்று குடும்பத்தை எப்படி வைப்பது? அப்படிக் கட்ட வந்தவர்கள் மிகக் குறைவு. போர்ட்லாண்ட் 2021-ல் வேறு வழியில் போனது. அங்கே ஒரு வகை மண்டலத்தில் தனி வீடு என்றால் எல்லாத் தளங்களும் சேர்ந்த தளப்பரப்பு மனைப் பரப்பில் பாதி அளவுக்குத்தான். இரண்டு வீடு என்றால் 0.6 மடங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 0.7 மடங்கு. ஒரே ஒரு பணக்கார வீட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போவதற்குக் கடிவாளம், பல குடும்பம் வாழும் வீட்டுக்குக் கொஞ்சம் தாராளம். தெருவுக்கு எது பாரம், எது பாரமில்லை என்று சரியாக யோசித்த விதி இது.

பொருந்துவது என்றால் என்ன

இந்தச் சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் சொல்கிறார்கள். ஜெர்மனியின் கட்டடச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு இதற்கு ஒரு தெளிவான பதில் வைத்திருக்கிறது. தனித் திட்டம் வகுக்கப்படாத, ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த பகுதியில் ஒரு புதுக் கட்டடம் வர வேண்டுமானால் அது சுற்றுப்புறத்தோடு சேர வேண்டும். எதில் சேர வேண்டும்? என்ன பயன்பாடு, எவ்வளவு அளவு, தனியாக நிற்கிறதா ஒட்டி நிற்கிறதா, மனையில் எந்தப் பகுதியை மூடுகிறது. ஊரின் தோற்றம் கெடக் கூடாது என்று தனியாக ஒரு வரியும் உண்டு. ஆனால் முதலில் நிற்பது அளவும் இருப்பிடமும்தான். ஓடும் செங்கலும் வளைவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதை வைத்துக்கொண்டு ஒரு மனையைக் கையில் எடுப்போம். 12 மீட்டர் அகலம், 30 மீட்டர் ஆழம், மொத்தம் 360 சதுர மீட்டர். முன்னால் 3 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் விடுகிறோம். 9 மீட்டர் அகலத்தில் 15 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கட்டடம். பின்னால் 12 மீட்டர் மண் மிஞ்சும். ஒரு தளம் 135 சதுர மீட்டர். நடுவில் ஒரு படிக்கட்டு, தெருப் பக்கம் ஒரு வீடு, தோட்டப் பக்கம் ஒரு வீடு. தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், ஆறு வீடு. படிக்கட்டும் அதன் முன்னால் நிற்கும் இடமும் சேர்ந்து 16 முதல் 17 சதுர மீட்டர் எடுக்கும். சுவர்களின் தடிமன் போக ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 52 சதுர மீட்டர் கிடைக்கும். இரண்டு படுக்கையறையை அடக்கமாக வைக்கலாம். உயரம் சுமார் ஒன்பதரை மீட்டர். பக்கத்து மாடி வீட்டை விட ஒரு தளம் கூடுதல், அவ்வளவுதான்.

இந்தக் கட்டடம் தெருவோடு சேர்ந்து நிற்கக்கூடியது. இனி அதைக் கெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

கார் உயரமாக மாறுகிறது

ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் போதும், பன்னிரண்டரை சதுர மீட்டர். ஆனால் கார் உள்ளே வர, திரும்ப, வெளியேற வழி வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். வீட்டுக்கு ஒரு கார் கட்டாயம் என்று விதி சொன்னால் ஆறு காருக்கு 150 முதல் 180 சதுர மீட்டர். மனையில் பாதி. நம் கட்டடம் மண்ணில் உட்காரும் பரப்பே 135தான். ஆக, தரைத்தளம் முழுவதும் கார்களுக்குப் போய்விடும், மிச்சத்துக்குப் பின்தோட்டத்திலும் தளம் போட வேண்டும். வீடுகள் ஒரு மாடி மேலே ஏறும். மூன்று தளக் கட்டடம் நான்கு தளமாகும், ஒன்பதரை மீட்டர் பன்னிரண்டரை மீட்டராகும். உயரமாகக் கட்டுகிறார்களே என்று தெரு கொதிக்கும். அந்தக் கூடுதல் மூன்று மீட்டரில் ஒரு மனிதர்கூட வசிக்கவில்லை என்பதுதான் வருத்தமான விஷயம்.

அதை விடப் பெரிய இழப்பு கண்மட்டத்தில் நடக்கிறது. நடந்துபோகிறவர் பார்ப்பது தரைத்தளத்தை. மற்ற வீடுகளில் கதவு, ஜன்னல், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கை. இங்கே தூண்கள், தூண்களுக்கு நடுவே இருட்டு, பம்பர்கள். 12 மீட்டர் முகப்பில் ஐந்தாறு மீட்டர் கேட்டுக்கும் சரிவுப் பாதைக்கும் போய்விடும். நடைபாதையின் மட்டம் அங்கே உடையும், தெருவோர மரம் ஒன்று போகும்.

லாஸ் ஏஞ்சலிஸில் 1950-களிலும் 60-களிலும் இப்படியே ஒரு வகைக் கட்டடம் பெருகியது. சுண்ணப் பூச்சுப் பூசிய பெட்டி, மெல்லிய தூண்கள் மேல் நிற்கும், அடியில் கார். 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தபோது இந்த அமைப்பின் பலவீனம் கொடூரமாக வெளிப்பட்டது. சுவர் குறைந்த கீழ்த்தளம் மேல் தளங்களின் அசைவைத் தாங்காது. நார்த்ரிட்ஜ் மெடோஸ் என்ற ஒரே குடியிருப்பில் 16 பேர் இறந்தார்கள். அந்த நகரம் 2015-ல்தான் இத்தகைய பழைய மரச்சட்டக் கட்டடங்களைக் கட்டாயமாக வலுப்படுத்தச் சட்டம் போட்டது. அதன் கீழ் வந்தவை பத்தாயிரத்துக்கும் மேல். தெருவின் தோற்றத்துக்காக மட்டும் இதைப் பேசவில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

இதற்குத் தீர்வு பெரும்பாலும் வரைபடத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. அமெரிக்காவில் பஃபலோ நகரம் 2017-ல் கட்டாய பார்க்கிங் விதியை நீக்கியது. நியூசிலாந்து 2020-ல் கொண்டுவந்த தேசியக் கொள்கை, ஊர்கள் இத்தனை கார் இடம் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை நிறுத்தச் சொன்னது. கட்டாயம் போனால் எல்லோரும் காரை விட்டுவிடுவார்கள் என்று பொருள் இல்லை. இரண்டு இடம் போதும் என்று கட்டுபவர் கணக்குப் போடலாம், அதை மனையின் ஓரத்தில் திறந்த வெளியாக வைக்கலாம், பின்னால் சந்து இருந்தால் அங்கே தள்ளலாம். தெருவில் வண்டி நெருக்கடி கூடும் என்ற கவலை உண்மையானது. அதற்குத் தெருவோர நிறுத்தத்தை அனுமதிச் சீட்டு கொடுத்து ஒழுங்குபடுத்துவதுதான் நேரான வழி. கட்டடத்தின் தரைத்தளத்தைத் தின்னக் கொடுப்பது அதை விட விலை கூடிய வழி.

பேஸ்மென்ட் தோண்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சின்ன மனையில் சரிவுப் பாதையே பாதி நீளத்தை விழுங்கும். அத்தோடு பக்கத்துப் பழைய வீட்டின் அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருக்கும். அதற்கு ஒன்றரை மீட்டர் தள்ளி மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் அந்தச் சுவரில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். உறவு அங்கேயே முறிந்துவிடும்.

இரண்டாவது படிக்கட்டு ஆழமாக மாறுகிறது

படிக்கட்டு விஷயம் வெளியே அதிகம் பேசப்படாதது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் அடுக்குமாடி மூன்று தளத்துக்கு மேல் போனால் தீ விபத்தில் தப்பிக்க இரண்டு படிக்கட்டு வேண்டும். கனடாவின் தேசிய விதி இன்னும் கடுமையானது, இரண்டு தளத்துக்கு மேல் போனாலே இரண்டு வழி. ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் இந்த அளவுக் கட்டடங்கள் ஒரே படிக்கட்டோடு நிற்கின்றன.

நம் மனையில் இரண்டாவது படிக்கட்டை வைத்துப் பார்ப்போம். அதற்கு ஒரு 14 சதுர மீட்டர். இரண்டு படிக்கட்டையும் இணைக்க ஒரு நடைக்கூடம், ஒரு 10 சதுர மீட்டர். ஆகத் தளத்துக்கு 24 போகிறது, வீட்டுக்கு 12. அதாவது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படுக்கையறை காணாமல் போகிறது. கட்டுபவர் இதை ஏற்றுக்கொள்ள மாட்டார். 9 மீட்டர் அகலக் கட்டடத்தில் 24 சதுர மீட்டரை மீட்க, கட்டடத்தைப் பின்பக்கம் 2.7 மீட்டர் நீட்டுவார். பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்துக்கு அருகே நகர்ந்து வந்தது இந்த 2.7 மீட்டர்தான்.

இன்னொரு விளைவும் உண்டு. நடுவில் நடைக்கூடம் வந்தால் வீடுகள் அதன் இரு புறமும் வரிசையாக அமைய ஆரம்பிக்கும். அப்போது பல அறைகளுக்குப் பக்கவாட்டுச் சுவரில்தான் ஜன்னல் வைக்க முடியும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் பக்கத்து வீட்டுச் சமையலறை. ஒரே படிக்கட்டு நடுவில் இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வெளிச்சுவர் கிடைக்கிறது. வரவேற்பறையும் படுக்கையறையும் தெருவையோ தோட்டத்தையோ பார்க்கும். பக்கவாட்டில் குளியலறைக்கும் காற்றோட்டத்துக்கும் உயரமான சின்ன ஜன்னல் போதும். காற்று ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியேறும்.

தீ பாதுகாப்பைக் குறைத்துப் பேசவே கூடாது. லண்டனில் 2017-ல் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள், 24 மாடிகள், ஒரே படிக்கட்டு. அதற்குப் பின் இங்கிலாந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டும் என்று முடிவெடுத்தது. உயரமான கட்டடத்துக்கு அது நியாயம். நாம் பேசுவது ஒன்பதரை மீட்டர். தளத்துக்கு இரண்டே வீடு, கதவிலிருந்து படிக்கட்டு இரண்டு அடி தூரம், தீயணைப்பு ஏணி எல்லா ஜன்னலையும் எட்டும். சியாட்டில் பல பத்தாண்டுகளாக ஆறு தளம் வரை ஒரே படிக்கட்டை அனுமதிக்கிறது, ஆனால் தளத்துக்கு நான்கு வீட்டுக்கு மேல் கூடாது, தானியங்கி நீர்த்தெளிப்பான் கட்டாயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2024-ல் கூடுதல் பாதுகாப்புகளோடு இதே வழிக்கு வந்தது. நீர்த்தெளிப்பான், தீயைத் தாங்கும் கதவு, புகை புகாத படிக்கட்டு, இவற்றுக்குச் செலவு செய்வது அந்த 2.7 மீட்டருக்குச் செலவு செய்வதை விட நல்லது.

பின்பக்கம் தான் பக்கத்து வீடு

ஒரு வரைபடம் கைக்கு வந்தால் நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முகப்பைத் தெரு பார்க்கிறது, ஒரு நாளில் சில நிமிடம். பின்பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கப் பார்க்கிறார்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1960, 70-களில் நீளமான மனைகளில் வீடுகளை முன்னிருந்து பின்வரை ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டினார்கள். நியூசிலாந்தில் அதற்கு 'சாசேஜ்' என்றே செல்லப்பெயர். இரண்டு தளத்துக்கு மேல் போகாத கட்டடங்கள்தான், உயரத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனையின் முழு நீளத்துக்கும் ஜன்னல்கள் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தபடி. தெருவை ஒட்டி மூன்று தளமாக நின்று பின்னால் மண்ணை விட்டுவைக்கும் கட்டடம், தாழ்வாகப் படுத்து மனை முழுவதையும் அடைக்கும் கட்டடத்தை விட எவ்வளவோ நல்ல அண்டை வீட்டுக்காரர். உயரத்தை மட்டும் வைத்துச் சண்டை போடும் தெருக்கள் பல நேரம் இதைத் தவறவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில விதிகளில் பயன்படும் ஓர் அளவு இருக்கிறது. மாடி ஜன்னலிலிருந்து 9 மீட்டர் தூரத்துக்குள் பக்கத்து வீட்டின் தனிமையான தோட்டம் நேரடியாகத் தெரிந்தால், அந்த மாடி அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டர் வரை ஜன்னலை மறைக்க வேண்டும். கண்ணின் உயரத்தைக் கணக்கிட்ட விதி. ஆனால் இதைக் கடைசி நேரத்தில் நிறைவேற்றினால் உள்ளே இருப்பவர் பனிக்கண்ணாடிக்குப் பின்னால்தான் வாழ வேண்டும், வானம் தவிர எதுவும் தெரியாது. நம் மனையில் பின்னால் 12 மீட்டர் விட்டிருப்பதால் நேர் பின்னால் உள்ள வீட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாய்வாகப் பார்வை போகும். அதற்கு பால்கனியின் இரண்டு ஓரமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவரோ மரப்பட்டைத் தடுப்போ வைத்தால் போதும். உள்ளே இருப்பவருக்கு நேரே மரம் தெரியும், பக்கத்து வீட்டின் துணி உலர்த்தும் கொடி தெரியாது.

அந்த மரத்தையும் முதல் நாளே கணக்கில் எடுக்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளந்த அடிமரத்தின் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப்பகுதியைத் தொடக் கூடாது என்பது பிரிட்டனின் தரநிலை. 40 சென்டிமீட்டர் தடிமன் உள்ள மரம் என்றால் 4.8 மீட்டர் ஆரம், அதாவது 9.6 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம். 12 மீட்டர் பின்தோட்டத்தில் அந்த வட்டம் உட்காரும். இரண்டாவது படிக்கட்டுக்காக 2.7 மீட்டர் நீட்டினால் மிஞ்சுவது 9.3. மரம் போய்விடும்.

நிழலையும் போட்டுப் பார்க்கலாம். வெயில் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒன்பதரை மீட்டர் கட்டடத்தின் நிழல் பதினாறரை மீட்டர். காருக்காகப் பன்னிரண்டரை மீட்டராக உயர்த்தினால் நிழல் 21 மீட்டரைத் தாண்டும். ஐந்து மீட்டர் கூடுதல் நிழல் ஒருவருடைய முற்றத்தின் காலை வெயிலாக இருக்கலாம். எந்த ஊர், எந்தத் திசை என்பதைப் பொறுத்து அது சாபமாகவும் இருக்கும், வரமாகவும் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுக் காட்டாமல் சமாளிக்கக் கூடாது.

மூன்றாவது தளத்தை மறைக்க முடியுமா

மேல் தளத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டால் தெருவிலிருந்து தெரியாது என்று பல விதிப்புத்தகங்கள் நம்புகின்றன. 2 மீட்டர் தள்ளு என்பார்கள். ஒரு பென்சில் எடுத்து வரைந்து பாருங்கள். தெரு 9 மீட்டர், மனையின் முன்னால் 3 மீட்டர். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் முகப்புக்கும் 12 மீட்டர். அவருடைய கண் 1.6 மீட்டர் உயரத்தில். இரண்டாவது தளத்தின் விளிம்பு ஆறரை மீட்டரில். கண்ணிலிருந்து அந்த விளிம்பைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால், ஒன்பதரை மீட்டர் உயரமுள்ள மேல் தளம் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒளிய 7.3 மீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். கட்டடத்தின் ஆழமே 15. மேல் தளத்தில் பாதி போய்விடும், ஆறு வீடு ஐந்தாகும். வெறும் 2 மீட்டர் தள்ளினால் அந்த மூன்று மீட்டர் தளத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் அப்படியே தெரியும். இடமும் போய், மறைவும் கிடைக்காது. தண்ணீர் கசியக்கூடிய ஒரு திறந்த மொட்டை மாடி மட்டும் மிஞ்சும்.

மறைக்கும் முயற்சியை விட்டுவிட்டு, மூன்றாவது தளத்தை நேர்மையாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது. பக்கத்து வீடுகளுக்குச் சாய்கூரை இருந்தால் மேல் தளத்தை அந்தக் கூரையின் சரிவுக்குள் வைக்கலாம். அப்போது கண் அதைக் கூரையாகவே படிக்கும். ஒரு பக்கம் ஒற்றைத் தள வீடு இருந்தால் அந்த மூலையை மட்டும் ஒரு தளம் இறக்கலாம். முகப்பு முழுவதையும் இரண்டு மீட்டர் தள்ளுவதை விட அந்த மூலை தெருவுக்கு அதிகம் உதவும்.

அகலம் இன்னொன்று. மூன்று மனைகளைச் சேர்த்து 36 மீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டடம் எழுப்பினால் அது மூன்று தளமே ஆனாலும் தெருவில் ஒரு சுவர் போல நிற்கும். அதை உடைத்துக் காட்ட ஐந்தாறு விதமான பொருட்களை ஒட்டுப்போட்டு வைப்பார்கள். இங்கே செங்கல், அங்கே மரம், நடுவில் தகடு. பழைய தெருவில் ஒவ்வொரு வீடும் பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருளில் அமைதியாக இருக்கும். அதே அமைதியோடு ஒரு மனை அகலத்துக்குள் நிற்பதுதான் மரியாதை.

மீதி எல்லாம் சின்ன விஷயங்கள் போலத் தெரியும், ஆனால் தினசரி தொந்தரவு அங்கேதான். ஆறு வீட்டுக் குப்பைத் தொட்டிகளுக்கு வரைபடத்தில் இடம் இல்லாவிட்டால் அவை முன்வாசலில் நிற்கும். மின்மீட்டர் பெட்டிகள் முகப்பில் தொங்கும். ஆறு ஏசி இயந்திரங்களும் பக்கச் சுவரில், பக்கத்து வீட்டுப் படுக்கையறையைப் பார்த்துச் சூடான காற்றை ஊதும். கூரையில் ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

வாசற்படி

தரைத்தளத்து வீட்டின் ஜன்னல் நடைபாதையை ஒட்டி இருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் உள்ளே பார்ப்பார்கள். குடியிருப்பவர் திரையை நிரந்தரமாக மூடிவிடுவார், தெருவும் ஒரு ஜன்னலை இழக்கும். அதனால் பழைய கட்டடங்களில் தரைத்தளத்தை அரை மீட்டர் போல உயர்த்தியிருப்பார்கள். ஜன்னலில் நிற்பவர் தெருவைப் பார்ப்பார், தெருவில் போகிறவருக்கு அறையின் மேற்பகுதி மட்டுமே தெரியும்.

ஆனால் அந்த மூன்று படிதான் முழங்கால் வலியோடு இருப்பவரையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் வெளியே நிறுத்துகிறது. லிஃப்ட் இல்லாத இந்த அளவுக் கட்டடத்தில் அவர்களுக்கு ஏற்றது தரைத்தளத்து வீடுகள் மட்டுமே. 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு, வழக்கமான பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் பாதை போட்டால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். முன்னால் நம்மிடம் இருப்பது 3 மீட்டர். மடக்கி மடக்கிக் கைப்பிடிக் கம்பிகளோடு போட்டால் முன்வாசல் ஒரு மருத்துவமனை வாசல் போலாகிவிடும்.

கட்டடத்தின் கதவைத் தெருப் பக்கத்திலிருந்து எடுத்துப் பக்கவாட்டில், படிக்கட்டு இருக்கும் நடுப்பகுதியில் வைத்தால் இந்தச் சிக்கல் அவிழ்கிறது. பக்கவாட்டு இடத்தை அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் அகலமாக்கி, மறுபக்கம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். தெருவிலிருந்து அந்தக் கதவுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் நடக்க வேண்டும். 45 சென்டிமீட்டரை 9 மீட்டரில் ஏற்றினால் இருபதுக்கு ஒன்று சரிவு. அது சரிவுப் பாதை என்றே தெரியாது, தோட்டத்து நடைவழி போல இருக்கும். கதவு தெருவைப் பார்க்கவில்லையே என்ற குறைக்கு, நடைவழியின் தொடக்கத்தில் ஒரு கேட், ஒரு விளக்கு, உட்கார ஒரு மேடை.

இப்படி அமைந்த தரைத்தளத்து வீட்டுக்கு யார் குடிவருவார்கள்? பிள்ளைகள் வெளியே போனபின் பெரிய வீட்டையும் மாடிப்படியையும் பராமரிக்க முடியாமல், வேறு பகுதிக்குப் போகவும் மனமில்லாமல் அதே தெருவில் இருக்கும் ஒரு முதிய தம்பதி வரலாம். புதுக் கட்டடத்தைப் பற்றி முதல் கூட்டத்தில் கவலைப்பட்டவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள். நாற்பது வருடம் பழகிய அண்டை வீட்டார் நாலு வீடு தள்ளி இருப்பார்கள். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் வெட்டாமல் விட்ட அந்த மரம்.